வயிற்றெரிச்சல் குத்து

சாம்பியன் பேரைக் கேட்டாலே குத்துச்சண்டைக்காரன் ஒல்லிக்கு வயிறெரியும். சாம்பியனின் சண்டையை நேரில் போய்ப் பார்க்க ரோஷம் இடம் கொடுக்காது. ஆனால் அவன் போடும் பயிற்சி வீடியோக்களை ஒன்று விடாமல் பார்ப்பான். அச்சு அசலாக அப்படியே குத்திப் பழகுவான்.

"ஆகாதவன் மூஞ்சிய எதுக்குங்க நாள் முழுக்கப் பாக்குறீங்க?" என்பாள் மனைவி.

"அவன் குத்தாலயே அவனைச் சாய்க்கணும்டி."

சாய்த்தும்விட்டான். மூன்றாவது ரவுண்டில் சாம்பியன் மல்லாந்து கிடந்தான்.

சண்டை முடிந்ததும் தாடையைத் தடவிக்கொண்டே வந்தான் சாம்பியன். இப்போது வயிறெரிந்தது அவனுக்கு.

"அந்த இடதுகைக் குத்தைத் தடுக்கவே முடியலடா. எவன் சொல்லிக் கொடுத்தான்?"

"நீதான். வீடியோல நீ இடது கையாலதானே குத்துற?"

சாம்பியன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நான் வலதுகைக்காரன்டா! அதெல்லாம் கண்ணாடியில தெரியறதைப் படம் புடிச்சது!"