தரையோடு தரையாக

பெண் அணிலுக்குப் பின்னங்கால் விளங்காமல் போனது. புளியமரப் பொந்துக்கு இனி ஏற முடியாது. அவளும் கணவரும் கடலைக்காட்டு வரப்பில், தரையோடு தரையாக ஒரு வளை அமைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். தோண்டித் தர வயல் எலி வந்தார்.

"வாசலை அகலமா வைங்க. மேடு, பள்ளம், திருப்பம் எதுவும் வேண்டாம்," என்றார் ஆண் அணில். "இவ காலை இழுத்துக்கிட்டே உள்ளே போயிடணும்."

எலி மீசையைத் தடவினார். "இப்படி மொட்டையா ஒரு வீடு யாரும் கேட்டதில்லைங்க. எங்க வளை செங்குத்தா இறங்கி, ரெண்டு தரம் திரும்பும். சாரைப்பாம்பு வந்து சேர்றதுக்குள்ள பின்பக்கமா ஓடிடுவோம். நீங்க சொல்ற வீட்டுக்குள்ள அதுவும் சுகமா வந்துடும்."

ஆண் அணில் அவசரமாகக் குறுக்கிட்டார். "அப்போ ரெண்டு திருப்பம் வச்சிடுங்க."

"ஓடறதுக்கு எனக்குக் கால் எங்கேங்க இருக்கு?" என்றாள் பெண் அணில். "கால் இழுக்க ஆரம்பிச்சதிலிருந்து, மரத்துல ஏறும்போதெல்லாம் விழுந்திடுவேனோன்னு தினமும் பயந்தாச்சு. பாம்பு ஒருநாள்தானே வரும். நேராவே தோண்டச் சொல்லுங்க."

எலி நேராகவே தோண்டினார். சாயங்காலம் அவள் காலை இழுத்தபடி உள்ளே போனாள். எங்கும் இடிபடவில்லை. கோடியில் போய்ச் சுருண்டுகொண்டு, "அப்பாடா," என்றாள்.

ஆண் அணிலால் இன்னும் கிளைவிட்டுக் கிளை தாவ முடியும். அவர் வெளியே நின்று வரப்பை இருபுறமும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, வாசலை ஒட்டிப் படுத்தார்.

"அங்கே குளிருமே. இப்படி உள்ளே வாங்க," என்றாள் அவள்.

"எனக்குக் காத்து வேணும்," என்றார்.