ஆதாமின் முதல் குளியல்

கோயில் கூரையில் ஆதாமின் படைப்பை வரைய வந்த கஸ்பாருக்குக் கடவுளின் முகம் சுலபமாக வந்துவிட்டது. கைகள்தான் வரவில்லை. எப்படி வரைந்தாலும் ஆளைப் பிடிக்க வந்த போலீஸ்காரரின் கைகளாகவே தெரிந்தன. மூன்று முறை அழித்தான். அந்த வாரத்தில்தான் அவன் மனைவி ஜெனோவாவுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். அவளால் குனிய முடியாது, உதவிக்கும் ஆளில்லை. கஸ்பாரே காலை நீட்டி உட்கார்ந்து, மகளைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டப் பழகினான். வழுக்கிவிடுமோ என்று முதல் நாள் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பத்தாம் நாள் தண்ணீர் ஊற்றும்போதே அவள் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் சாரம் ஏறியவன் மாலையில்தான் இறங்கினான். பங்குத்தந்தை அண்ணாந்து பார்த்தார். தாடி வைத்த கடவுள் கால்களை நீட்டி உட்கார்ந்து, அவற்றின்மேல் குப்புறக் கிடந்த ஆதாமின் முதுகில் ஒட்டியிருந்த களிமண்ணைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பொம்பள உக்காருத மாதிரில்லா இருக்கு? பிதாவ இப்படி வரையலாமா? ஆயர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"எம்புள்ளைய நான் இப்படித்தான் சாமி குளிப்பாட்டுதேன். வேண்டாம்னா சொல்லுங்க, வெள்ளையடிச்சிருதேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி சூடா இருக்குமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"வெதுவெதுப்பா இருக்கும், சாமி."

"அப்போ லேசா ஆவி பறக்குத மாதிரி வரைஞ்சிரு. ஆயர்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."