இடது விலாவுக்குக் கீழே

“நெஞ்சு எப்போலேருந்து படபடங்குது?”

“நேத்து சாயங்காலத்துலேருந்து” என்றாள் தமாண்டா.

“தூக்கம்?”

“பொட்டுக்கூடத் தூங்கல.”

“சாப்பாடு?”

“ஒரு வாய் ந்சிமாக் களிகூட இறங்கல.”

“வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?”

“அக்காவுக்கு இருந்துச்சு. டாக்டரானதும் சரியாப் போச்சு.”

பிளான்டயர் நகர ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்த மினிபஸ் கண்டக்டர் சிபோண்டா சிரித்தார்.

“அவ்வளவுதான் கேள்வி, டாக்டரம்மா. காலையிலேருந்து உங்க கூட்டாளிங்க அத்தனை பேரும் இதே வரிசையிலதான் என்னைக் கேட்டாங்க. இப்ப நீங்க கேளுங்க. பரீட்சை வைக்கிற புரொபசர் வந்துட்டிருக்காரு.”

தமாண்டா ஸ்டெதஸ்கோப்பைத் தேடினாள். அது கழுத்திலேயே கிடந்தது.

சிபோண்டா சட்டையைத் தூக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இடது விலாவுக்குக் கீழ அழுத்திப் பார்க்க மறந்துடாதீங்க. மார்க்கு அங்கதான் வீங்கிக் கெடக்கு.”