காலரக்காவின் சிரிப்பு

"பாருங்கடி, மகாராணி வர்றாங்க!"

காஜா முதலில் உதட்டின் இடது ஓரத்தை ஏற்றினாள். அப்புறம் வலதை. கடைசியில் கண்ணைச் சுருக்கி, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று இழுத்தாள்.

தையல் யூனிட்டின் சாப்பாட்டு அறையே குலுங்கியது. அப்படியே காலரக்கா!

சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் போன மாதம் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற தனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலி என்று இவளுக்கு வயிற்றெரிச்சல். தினமும் இந்தக் கூத்து கட்டினால்தான் சாப்பாடே இறங்கும்.

"அந்தச் சிரிப்பைக் காட்டியே முதலாளியை மயக்கிட்டா! வேற என்ன இருக்கு அவகிட்ட?"

அன்று மத்தியானம் காலரக்கா மெஷின்களுக்கு நடுவே வந்தாள். காஜாவைப் பார்த்துச் சிரித்தாள்.

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். "ஐயோ, அவங்க உனக்குப் பழிப்புக் காட்டுறாங்கடி!"

காஜா சிரிக்கவில்லை. காலரக்காவுக்கு முதலில் ஏற வேண்டிய இடது உதட்டோரம் அப்படியே தொங்கிக் கிடந்தது.

"இது அவ சிரிப்பு இல்லையே!"

எழுந்து ஓடினாள். "அக்கா, ரெண்டு கையையும் நீட்டுங்க."

இடது கை தானாகக் கீழே இறங்கியது.

"என்ன பண்ணுது? சொல்லுங்கக்கா!"

காலரக்காவுக்கு நாக்கு குழறியது.

"மயக்கம்தான். கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தண்ணீரோடு ஓடி வந்தாள். காஜா மறித்தாள்.

"வாயில எதையும் ஊத்தாதே! எங்கப்பாவையும் இப்படித்தான் படுக்க வைச்சோம். அப்புறம் அவர் எந்திரிக்கவே இல்ல. இது பக்கவாதம்டி. ஆம்புலன்ஸைக் கூப்பிடு! கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? ஆஸ்பத்திரியில கேட்பாங்க, யோசிச்சு வை!"

காதோரம் ஒரு கிசுகிசுப்பு. "நீ ஏன்டி இந்தத் துடி துடிக்கிறே? நாற்காலி உனக்குத்தானே வரப்போகுது!"

"வாயைக் கழுவுடி!"

நல்ல வேளை, நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். காலரக்கா பிழைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து காஜா பார்க்கப் போனாள். கட்டிலருகே பழக்கூடை. முதலாளி அனுப்பியதாம். நாற்காலியையும் அவளுக்காகவே காலியாக வைத்திருக்கிறாராம். பொல்லாத வயிறு, அங்கேயும் எரிந்தது.

காலரக்கா கையில் கண்ணாடி இருந்தது.

"சிரிச்சுப் பழகச் சொல்றாங்க." பேச்சு மெதுவாகத்தான் வந்தது. "பாதிதான் வருது. முன்னாடி எப்படிச் சிரிச்சேன்னு எனக்கே தெரியல. வீட்டுக்காரரைக் கேட்டா, திருதிருன்னு முழிக்கிறாரு."

"நான் என்னக்கா செய்யணும்?"

காலரக்கா கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு இவள் முகத்தையே பார்த்தாள்.

"தினமும் சாப்பாட்டு நேரத்துல செஞ்சு காட்டுவியே, அதை ஒரு தடவை செய்யேன். பார்த்துக் கத்துக்கிறேன்."