புறப்பட்ட காளை

நிமிர்ந்து பார்க்க ஆளில்லாத சிலை தானாகவே நடந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். கோயம்புத்தூர்ச் சாலைகளில் அதுதான் ஏற்பாடு. அவிநாசி சாலைச் சந்திப்பில் நின்ற மூன்று மாடி உயர இரும்புக் காளை அன்று மதியம் முன்னங்காலைத் தூக்கியது.

போக்குவரத்துக் காவலர் தமயந்திக்குத் திக்கென்றது. கோடை முழுக்க அதன் நிழலில்தான் நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். முட்ட வரும் காளை என்று நினைத்திருந்தாள். அதுவோ கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"நான் ஒருத்தி பாத்தாப் பத்தாதா?" என்றாள். கால் இறங்கவில்லை.

விறுவிறுவென்று போய் நாலு பக்கமும் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டாள். ஹாரன்கள் காதைக் கிழித்தன.

"ஏனுங்க மேடம், மந்திரி யாராச்சும் வர்றாங்களா?" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்.

"யாரும் வரலீங்க. இது போகுது. மேல பாருங்க!"

அவர் தலையை வெளியே நீட்டினார். "அட, அசபோடுதுங்க!"

பின்னால் நின்ற பேருந்தில் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைத்தன. ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

காளை காலைக் கீழே வைத்தது. தமயந்தி பச்சை விளக்கைப் போட்டாள்.

ஒரு வண்டியும் நகரவில்லை.