புலிக்கு ஆறுதல்

"பல்லைத்தான் பார்க்கப் போறேன் சார். நாய் சாதுவா நிக்குதே, அப்புறம் என்ன?" என்றார் டாக்டரம்மா.

"வெளியில காட்டிக்க மாட்டான். உள்ளுக்குள்ள உதறல். ஒரு நிமிஷம்மா..."

நாயைக் கூட்டி வந்தவர் போனை எடுத்து, தன்னைப் பிரிந்து போய்விட்ட மனைவியை அழைத்தார். ஸ்பீக்கரைத் தட்டினார்.

"என்ன விஷயம்?" குரலில் எரிச்சல்.

"புலியைப் பல் செக்கப்புக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். ரொம்பப் பயப்படுறான். நீ ரெண்டு வார்த்தை பேசினா..."

அந்தக் குரல் சட்டென்று குழைந்தது.

"என் தங்கமே, பயமா இருக்கா? ஒண்ணும் இல்லடா. வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? இளைச்சுப் போயிடாத. உன்னை நினைக்காத நாளே இல்லடா எனக்கு..."

போனை நாயின் காதோரம் பிடித்துக்கொண்டு, அவரும் அதன் பக்கத்தில் குனிந்து நின்றார். கண்களை மூடியிருந்தார்.

டாக்டர் நாயின் உதட்டைத் தூக்கிக் கடைவாய் வரை பார்த்து முடித்தார்.

"முடிஞ்சுதா? வெச்சிடறேன்." மறுபடியும் பழைய குரல். இணைப்பு அறுந்தது.

காதருகே அத்தனை பேச்சு கேட்டும் நாய் காதை அசைக்கக்கூட இல்லை. சந்தேகம் வந்து, டாக்டர் அதன் பின்னால் போய்ப் பலமாகக் கைதட்டினார். அது திரும்பவே இல்லை.

"பல்லெல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா இதுக்குக் காது சுத்தமா கேக்கலையே! கவனிச்சதே இல்லையா?"

"தெரியும்மா. போன வருஷமே போயிடுச்சு."

டாக்டர் அவரையே பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "பல்லுக்கு இனி ஒரு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்."

"ஒரு வருஷமா!" அவர் முகம் வாடிவிட்டது. "நகம் வெட்ட அடுத்த வாரமே வரலாமாம்மா?"