ரெண்டாவது சத்தம்

குழந்தையோட துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள கூடத்துலேருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க வா. பந்தயம்! நீதான் வாசிக்கணும்."

"எனக்கு எங்கண்ணா வாசிக்கத் தெரியும்?"

"விரலை விரிச்சு ஆறு கட்டையை அழுத்து, போதும்."

மேசை மேல மூணு சிந்தசைசர் கீபோர்டு இருந்தது. சின்னது என் வீட்டுக்காரரோடது. நடுவுல இருந்தது இரவல். பெரிசு, அண்ணன் போன வாரம் வாங்கினது. விலையில ஒண்ணு தரை, ஒண்ணு மாடி, ஒண்ணு மொட்டைமாடி.

"மாப்பிள்ளை, உன்னோடதுல ஒரே நேரத்துல நாலு கட்டைதான் பேசும். அஞ்சாவதை அழுத்தினா முதல் ஆள் எழுந்து இடம் விடணும். என்னோடதுல பதினாறு பேர் காலை நீட்டி உட்காரலாம்!"

ஒரு வாரமா இதே கிண்டல். இவர் சிரிச்சுக்குவார். ஆனா தன்னோடதை வாசிக்கிறதையே விட்டுட்டார்.

எது யாரோடதுன்னு பார்க்காம, சத்தத்தை வச்சே சொல்லணும், அதுதான் பந்தயம். ரெண்டு பேரும் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னாங்க. நான் கூச்சத்தோட முதல்ல இரவலை அழுத்தினேன். அடுத்தது சின்னது. கடைசியா பெரிசு.

"ரெண்டாவதுதான் என்னோடது!" அண்ணன் கத்தினார். "என்ன கனம்! என்ன இழைவு!"

ஐயோ, சின்னதைப் போய்ச் சொல்றாரே! இவர் விடமாட்டார், இன்னிக்கு மாட்டினார் அண்ணன்னு நினைச்சேன்.

இவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஆமா மச்சான், சந்தேகமே இல்லை. ரெண்டாவதுதான் உங்களோடது"ன்னார்.

போச்சுடா! ரெண்டும் டமாரச் செவிடு. இதுங்களுக்கா ஒண்ணு தரை, ஒண்ணு மொட்டைமாடி?

"சரியா சொன்னோமா?"ன்னு ரெண்டு பேரும் திரும்பினாங்க.

"அடுப்புல பால் இருக்கு"ன்னு ஓடிட்டேன்.

பின்னாடியே இவர் வந்தார்.

"உங்கண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடாதே."

"எதை?"

"ரெண்டாவது என்னோடது. என் கீபோர்டு எனக்குத் தெரியாதா? நாளைக்கு மனுஷன் முதல் தடவையா மேடை ஏறுறார். காது சரியில்லைன்னு இன்னிக்குச் சொன்னா, அங்க கை ஓடுமா? பாவம்."

நான் பாலை ஆத்தி டம்ளர்ல ஊத்தினேன். இவர் பாலை வாங்கிக்கிட்டு குழந்தைகிட்ட போனார்.

அடுத்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, மாப்பிள்ளைகிட்ட மூச்சு விடாதே."

"நீங்களுமா? என்னண்ணா?"

"அழுத்தின உடனே தெரிஞ்சிடுச்சு, ரெண்டாவது அவனோடதுன்னு. என் கிண்டலால வாசிக்கிறதையே விட்டுட்டானேன்னுதான், அதையே என்னோடதுன்னு புகழ்ந்தேன். ஆகா, என்னுதுக்கு இவ்வளவு மதிப்பான்னு துள்ளுவான்னு பார்த்தா, 'ஆமா, உங்களோடதுதான்'கிறான்! சொந்தச் சத்தமே தெரியலை, பாவம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால வாயை மூடிக்கிட்டு, அண்ணன் பின்னாடியே கூடத்துக்குப் போனேன். குழந்தை பால் டம்ளரோட மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவு பரிதாபமாப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

இதுக்கு மேல தாங்காது. வாழ்க்கையில முதல் தடவையா கொஞ்சம் சத்தமாவே ஆரம்பிச்சேன்.

"நீங்க ரெண்டு பேரும் செவிடு இல்லை. அண்ணா, இவர் உங்களுக்காகத்தான்... ஏங்க, அண்ணனும் உங்களுக்காகத்தான் அந்த ரெண்டாவதை..."

"அம்மாடி, குழந்தையைப் பிடி! பாலையெல்லாம் பெரிசு மேல கொட்டுது!" அண்ணன் அலறினதுல நான் சொல்ல வந்தது அப்படியே முங்கிப்போச்சு.